எந்த மடை அடைத்திருக்கிறது?

தை மாதக் கடைசி. திருவையாற்றுக்குக் கிழக்கே குடமுருட்டிக் கரையில் என் மாமா வீடு. சம்பா அறுவடை முடிந்து நெல் களத்தில் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு நாள் பனி இறங்கினால் மறுபடி ஏறிவிடும். விடிந்ததும் கொள்முதல் நிலையத்துக்குப் போயாக வேண்டும். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். அவற்றை மாமா ஒழுங்காக ஸ்கேன் செய்து முன்கட்டில் இருக்கும் பழைய மேசைக் கணினியில் வைத்திருக்கிறார். பிரின்டர் மாடியில், மகளின் மடிக்கணினியோடு இருக்கிறது. இரண்டும் ஒரே வைஃபையில்தான். போன வருஷம் வரை மாடியிலிருந்தே அந்தக் கோப்புகளைத் திறந்து அச்செடுத்தவர்கள்தான். அன்று இரவு மட்டும் மடிக்கணினி, அந்தக் கணினியைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றது.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னப்பா இது, நம்ம வீட்டு மிஷினு, நம்ம வீட்டு ஃபைலு. நமக்கே தரமாட்டேங்குது?"

பென்டிரைவில் எடுத்துப் போய் அச்செடுத்தோம், அவசரத்துக்கு. ஆனால் பென்டிரைவ் மாடிக்கும் கீழுக்கும் ஓடத் தொடங்கினால் ஒரே அடங்கலுக்கு மூன்று பிரதி முளைக்கும். எது இந்த வருஷத்தது என்று தெரியாமல் போகும். ஒரு கோப்பு ஒரே இடத்தில் இருக்க வேண்டும், வேண்டியவர்கள் அங்கே வந்து பார்க்க வேண்டும். பகிர்வு என்பதன் பயனே அதுதான். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தோம்.

பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் போனிலேயே வைத்தியம் சொல்லியிருந்தார்: "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்க, எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கண்ட்ரோல் குடுத்துருங்க. சரியாயிடும்." சரியாகத்தான் ஆகும். இதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன்.

மாமாவிடம் கேட்டேன்: "மாமா, கடைமடைக்குத் தண்ணி வரலன்னா என்ன செய்வீங்க?"

"என்ன செய்யறது, வாய்க்காலோட மேல ஏறிப் பாக்க வேண்டியதுதான். எங்க ஷட்டர் எறங்கியிருக்கு, எங்க மடை அடைச்சிருக்குன்னு."

"எல்லா ஷட்டரையும் தூக்கிவிட்டா?"

"ஊரு முழுகிப் போயிடும்ல?"

கணினிப் பகிர்வுக்கும் இந்த அறிவு போதும். மேட்டூரில் திறந்த தண்ணீர் நேராக வயலுக்கு வந்துவிடுவதில்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், நம் பக்கத்தில் புதாறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் என நான்காகப் பிரிகிறது. அதன்பின் கிளை வாய்க்காலின் தலைப்பு மதகு, கடைசியில் வயலின் மடை. ஒவ்வொன்றையும் திறப்பதும் மூடுவதும் வேறு வேறு கை. வயலில் நின்றுகொண்டு மேட்டூரைத் திட்டிப் பயனில்லை, அடைத்திருப்பது பக்கத்து மடையாக இருக்கும்போது. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினியின் கோப்பைத் திறக்கும்போதும் வழியில் மூன்று இடத்தில் கேள்வி கேட்கப்படுகிறது. பாதை இருக்கிறதா? நீ யார்? உனக்கு இதில் என்ன உரிமை? திரையில் வரும் செய்தி ஒன்றுபோல் எரிச்சலூட்டினாலும், மறுத்தது எந்த இடம் என்பதில்தான் மருந்து இருக்கிறது. "பாதை கிடைக்கவில்லை" என்றால் முதல் மதகு. பெயரும் பாஸ்வேர்டும் கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பினால் இரண்டாவது. "அனுமதி மறுக்கப்பட்டது" என்றால் பெரும்பாலும் மூன்றாவது. விண்டோஸ் இவற்றுக்கு எண்ணும் வைத்திருக்கிறது: பாதை கிடைக்காததற்குப் பிழை 53, அனுமதி மறுப்புக்குப் பிழை 5.

மாமா வீட்டில் முதல் மதகே இறங்கியிருந்தது. ஐப்பசி இடியில் பழைய மோடம் கருகிப் போய்ப் புதிது வந்திருந்தது. நமக்கு அது அதே வீடு, அதே வைஃபை. விண்டோஸுக்கு அது முன்பின் தெரியாத புது வலை. புது வலையைக் கண்டால் அது பேருந்து நிலைய வைஃபை போலப் பாவித்து, 'பப்ளிக்' என்று குறித்துக்கொண்டு, தன் கதவுகளைச் சாத்திக்கொள்கிறது. இது கோளாறில்லை. தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் அதே மடிக்கணினியைத் திறக்கும்போது அது அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். நெட்வொர்க் அமைப்புக்குப் போய் இரண்டு கணினியிலும் 'பிரைவேட்' என்று மாற்றினோம், நெட்வொர்க் டிஸ்கவரியையும் கோப்புப் பகிர்வையும் அந்தப் பிரைவேட் வலைக்கு மட்டும் திறந்தோம். ஃபயர்வால் அப்படியே இருந்தது. அதைத் தொடவே இல்லை.

இந்த முதல் மதகில் இன்னொரு சிக்கலும் நம் வீடுகளில் சாதாரணம். ஃபைபர் மோடம் ஒன்று. மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று வாங்கிவைத்த ரவுட்டர் இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுக்கத் தொடங்கினால் கீழே இருப்பது 192.168.1.5 என்றும் மேலே இருப்பது 192.168.0.7 என்றும் ஆகிவிடும். மூன்றாவது எண் மாறியிருந்தால் பொதுவாக அவை இரண்டு வெவ்வேறு வலை என்று பொருள். இரண்டும் இணையத்துக்குப் போகும், யூடியூப் ஓடும், ஆனால் ஒன்றையொன்று பார்க்காது. மேலே இருக்கும் ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால் தீரும். 'கெஸ்ட்' வைஃபையில் இணைத்திருந்தாலும் இதே கதி. விருந்தினர் வைஃபை என்பதே வீட்டுக் கணினிகளைக் கண்ணில் காட்டாமல் இருக்கத்தான்.

இதற்குள் மடிக்கணினியில் அந்தக் கணினியின் பெயர் தெரிந்தது. சொடுக்கினால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. இரண்டாவது மதகு. மாமா மகள் தன் நான்கு இலக்க பின் எண்ணைப் போட்டாள். திருப்பி அனுப்பியது. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அங்கே கேட்பது எந்தக் கணினியில் கோப்பு இருக்கிறதோ அந்தக் கணினியின் கணக்கை. மாடிக் கணினியில் நீங்கள் யாராக இருந்தாலும் கீழே இருப்பதற்கு அது தெரியாது. பின் எண்ணோ அது எந்தக் கருவியில் வைக்கப்பட்டதோ அதற்கு மட்டும் உரியது. வலை வழியாக அதை அனுப்பவே முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்கள் தங்கள் மின்னஞ்சலையும் அதன் முழு பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். பின் எண்ணே பழகிப்போய்ப் பாஸ்வேர்டை மறந்தவர்கள்தான் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

"என் பேரைப் போடு, எனக்குப் பாஸ்வேர்டே கிடையாது. வீட்டுக்குள்ள யாரு திருடப்போறா?" என்றார் மாமா. போட்டோம். அதுவும் மறுத்தது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை விண்டோஸ் நேரில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் திறக்கும், வலை வழியாக வருபவருக்குத் திறக்காது. எக்ஸ்பி காலத்திலிருந்து இதுதான் விதி. நேரில் வருகிறவரை முகம் பார்த்து உள்ளே விடலாம், கம்பி வழியே வருகிறவரை எதை வைத்து நம்புவது? ஆகவே கீழ்க்கணினியில் மாமா மகளுக்கென்று ஒரு கணக்கு உண்டாக்கி, பாஸ்வேர்டு வைத்தோம். நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு. மறுபடி முயன்றபோது, ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக முடியாது என்றது, பிழை 1219. முதலில் போட்ட பெயர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதை அழித்துவிட்டு, ஒருமுறை சைன் அவுட் செய்து வந்ததும் நுழைந்தாள்.

இங்கே ஒரு நுணுக்கம். கணினி ஆளைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே ஒரு நீண்ட எண் இருக்கிறது. உரிமைகள் எல்லாம் அந்த எண்ணின் மேல்தான் எழுதப்படுகின்றன. ஒரே ஊரில் நான்கு கோவிந்தசாமி இருந்தாலும் பட்டா எண்ணும் புல எண்ணும் குழப்பாமல் இருப்பதுபோல. விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவி, பழைய பெயரிலேயே கணக்கு தொடங்கினாலும் அது வேறு ஆள்தான், எண் வேறு. பழைய டிரைவில் இருக்கும் உங்கள் சொந்தப் புகைப்படங்களே உங்களை மறுப்பது இதனால்தான். அப்போது நிர்வாகியாக நுழைந்து 'ஓனர்ஷிப்' என்ற உடைமையை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு உரிமை எழுத வேண்டும். பட்டா மாறுதல் செய்யாமல் கடன் கேட்க முடியாது என்பது மாமாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஃபோல்டர் திறந்தது. அடங்கலும் சிட்டாவும் தெரிந்தன. மாமா எழுந்து படுக்கப் போனார். ஆனால் மாமா மகள் உரச் செலவுக் கணக்கைத் திறந்து ஒரு வரி சேர்த்துச் சேமிக்கப் போனாள், முடியவில்லை. பார்க்கலாம், எழுத முடியாது. மூன்றாவது மதகு. உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஷட்டர்.

முதலாவது, பகிர்வின் மேல் உள்ள உரிமை. வலை வழியே வருகிறவருக்கு மட்டும் இது பொருந்தும். இரண்டாவது, கோப்பின் மேலேயே உள்ள உரிமை. ப்ராப்பர்ட்டீஸில் 'செக்யூரிட்டி' என்ற பக்கத்தில் இருக்கும். நேரில் உட்கார்ந்தவருக்கும் வலையில் வந்தவருக்கும் இது பொருந்தும். இரண்டில் எது குறைவாகத் திறந்திருக்கிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். மேல் ஷட்டரை முழுக்கத் தூக்கி, கீழ் ஷட்டரைச் சாண் அளவு திறந்தால் சாண் அளவு தண்ணீர்தான் வரும். மாற்றிச் செய்தாலும் அதேதான். 'அட்வான்ஸ்டு ஷேரிங்' வழியாகப் பகிரும்போது விண்டோஸ் தானாகக் கொடுப்பது எல்லோருக்கும் படிக்கும் உரிமை மட்டும். செக்யூரிட்டி பக்கத்தில் என்னதான் அள்ளிக் கொடுத்திருந்தாலும் இந்த முதல் ஷட்டர் படிப்பதோடு நிறுத்திவிடும். "அந்தக் கணினியில் உட்கார்ந்தால் எழுத முடிகிறது, இங்கிருந்து முடியவில்லை" என்று யாராவது சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு முதல் ஷட்டரைப் பாருங்கள்.

அதிக ஆள் புழங்கும் அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு: பகிர்வு உரிமையைத் தாராளமாக விட்டுவிட்டு, கட்டுப்பாட்டையெல்லாம் செக்யூரிட்டி பக்கத்தில் வைப்பார்கள். இரண்டு இடத்தில் கட்டுப்பாடு வைத்தால் எங்கே அடைத்தது என்று நினைவிருக்காது. வீட்டுக்கும் அது நல்ல முறை, ஒரு திருத்தத்தோடு. பகிர்விலும் 'எவ்ரிஒன்' வேண்டாம். வீட்டார் கணக்குகளின் பெயரை மட்டும் சேர்த்து 'சேஞ்ச்' வரை கொடுத்தால் போதும். செக்யூரிட்டியில் அதே பெயர்களுக்கு 'மாடிஃபை'. 'டினை' என்ற மறுப்புக் கட்டத்தை மட்டும் தொடாதீர்கள். ஒரே இடத்தில் அனுமதியும் மறுப்பும் எழுதியிருந்தால் மறுப்புதான் வெல்லும். 'எவ்ரிஒன்' என்பதற்கு எதிரே மறுப்பைக் குறித்தால் அந்த எல்லோரில் நீங்களும் அடக்கம். ஒருவருக்கு வேண்டாம் என்றால் அவர் பெயரை எழுதாமல் விட்டாலே போதும்.

அன்று இரவு இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. இரண்டு ஷட்டரையும் சரிசெய்த பின் ஃபோல்டரில் எல்லாக் கோப்பிலும் எழுத முடிந்தது. பயிர்க் காப்பீட்டு ரசீது மட்டும் திறக்கவே மறுத்தது. பார்த்தால், மாமா அதை டெஸ்க்டாப்பிலிருந்து இழுத்து வந்து போட்டிருக்கிறார். அவருடைய டெஸ்க்டாப்பில் இருக்கும் கோப்பு இயல்பாக அவருக்கும் நிர்வாகிக்கும் மட்டுமே உரியது. ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்பை இடம் மாற்றும்போது பழைய இடத்து உரிமைகளே அதோடு வந்துவிடலாம். நகல் எடுத்து ஒட்டினால் அது புதுக் கோப்பு, புது இடத்தின் உரிமையைப் பெறும். நாற்றங்காலில் பிடுங்கிய நாற்றுமுடி வேரில் பழைய மண்ணோடு வருவதுபோலத்தான் முதலாவது. அங்கேயே விதைத்து முளைத்தது இரண்டாவது. ரசீதை நகலெடுத்து ஒட்டினோம், திறந்தது. இதற்காகவே சொல்கிறேன், டெஸ்க்டாப்பையோ டாக்குமென்ட்ஸையோ அப்படியே பகிராதீர்கள். டி டிரைவில் 'வீடு' என்று தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதை மட்டும் பகிருங்கள்.

"வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்" என்று வரும் செய்தியை மட்டும் இதோடு குழப்ப வேண்டாம். அது உரிமைச் சிக்கல் இல்லை, பூட்டு. இருவர் ஒரே கோப்பில் ஒரே சமயம் எழுதி ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடாமல் இருக்க. கீழே மூடினால் மேலே திறக்கும்.

கணினிகள் இப்படிக் கோப்பு கேட்டுக் கொடுத்துக்கொள்ளும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்ற பொறியாளர் 1980களின் தொடக்கத்தில் வடிவமைத்தது. மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. 1991 இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஆண்ட்ரூ டிரிட்ஜல் என்ற ஆராய்ச்சி மாணவர், தன் சிறு கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் கோப்புகளை எடுக்க வேண்டி, கம்பியில் ஓடும் பேச்சை ஒட்டுக்கேட்டு, அதே மொழியில் பதில் சொல்லும் மென்பொருளைத் தானே எழுதிவிட்டார். வைத்திருந்த பெயருக்கு வணிக உரிமைச் சிக்கல் வந்தது. எஸ், எம், பி என்ற எழுத்துகள் அந்த வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடினார். பட்டியலில் வந்த 'சாம்பா'வைப் பெயராக்கினார். பிரேசில் நடனத்தின் பெயர். நமக்கோ அதைக் கேட்டதும் குறுவை, சம்பா, தாளடிதான் நினைவுக்கு வருகின்றன. பழைய கணினியில் லினக்ஸ் போட்டோ, உள்ளங்கை அளவு ராஸ்பெரி பையை வைத்தோ வீட்டுக்குப் பொதுக் களஞ்சியம் அமைப்பவர்கள் இன்றும் இந்தச் சாம்பாவைத்தான் நம்புகிறார்கள். அதிலும் இரண்டு ஷட்டர் உண்டு: சாம்பாவின் அமைப்பில் எழுத அனுமதி, லினக்ஸ் கோப்பின் மேல் எழுத அனுமதி. பாஸ்வேர்டும் பொதுவாகத் தனி. லினக்ஸில் கணக்கு இருந்தால் மட்டும் போதாது, சாம்பாவிடமும் ஒருமுறை பதிய வேண்டும். அங்கே வரும் புகார்களில் பல இந்த ஒரு படியை மறந்ததால் வருபவை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்ற மாமாவின் கேள்விக்கு வருகிறேன். ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் 1975இல் கணினிப் பாதுகாப்பு பற்றி எழுதிய கட்டுரையில் சில விதிகளை வகுத்தார்கள். யாருக்கும் அவரவர் வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் உரிமை தராதே என்பது ஒன்று. வெளிப்படையாக அனுமதி எழுதாத வரை மறுப்பதையே இயல்பாக வை என்பது இன்னொன்று. அனுமதிப் பட்டியலில் தவறு நேர்ந்தால் உரியவர் ஒருவர் வெளியே நிற்பார், உடனே சத்தம் போடுவார், திருத்திவிடலாம். மறுப்புப் பட்டியலில் தவறு நேர்ந்தால் வரக்கூடாதவர் உள்ளே வருவார், அவர் சத்தம் போட மாட்டார்.

அப்படிச் சத்தமில்லாமல் வந்ததை 2017 மே 12ஆம் தேதி உலகம் பார்த்தது. வானாகிரை என்ற தீய நிரல், எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக, 445 என்ற வாசலில் கணினி விட்டுக் கணினி பாய்ந்தது. யாரும் எதையும் சொடுக்கவில்லை. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகள் சில மாட்டின. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் சிக்கினார்கள். அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்தப் பழைய எஸ்எம்பி தானாக நிறுவப்படுவதில்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், ப்ரோ வகையில், பெயர் சொல்லாத விருந்தினராகப் பகிர்வுக்குள் போவதும் இயல்பாகவே நிறுத்தப்பட்டது. "நேற்று வரை வேலை செய்தது, அப்டேட் ஆனதும் நின்றுவிட்டது" என்று வரும் புகார் பலவற்றுக்கு இதுதான் காரணம். பழைய வழியை மறுபடி திறக்கும் வித்தைகள் இருக்கின்றன. வேண்டாம். பெயரும் பாஸ்வேர்டும் கொண்ட ஒரு கணக்கு தொடங்க ஐந்து நிமிஷம் போதும்.

'எவ்ரிஒன்'னுக்கு முழு உரிமை கொடுத்த ஃபோல்டரில், வீட்டில் ஏதாவது ஒரு கணினியில் இப்படிப்பட்ட நிரல் நுழைந்தால், சிட்டாவும் பத்திரமும் பேத்தியின் முதல் பிறந்தநாள் படமும் ஒரே இரவில் பூட்டப்படும். படிக்க மட்டும் உரிமை உள்ள கணக்கிலிருந்து வந்தால் அதனால் எழுத முடியாது. அந்த ஃபோல்டர் தப்பிக்கும். அதனால் மாமா வீட்டில் இரண்டு ஃபோல்டர் வைத்தோம். கணக்கு வழக்கு உள்ளதில் மகளுக்கு எழுதும் உரிமை. பத்திரங்களும் படங்களும் உள்ளதில் வீட்டார் எல்லோருக்கும் படிக்கும் உரிமை மட்டும். புதிதாக ஏதாவது போட வேண்டுமானால் கீழே வந்து நேரில் நிர்வாகியாக நுழைந்து போட வேண்டும். மாமாவின் கணக்குக்கும் பாஸ்வேர்டு வைத்தோம். ஒரு வாரம் முனகினார்.

மறுநாள் காலையில் நெல் போனது. போகும் முன் மாமா மகள் மாடியிலிருந்தே அடங்கலை இன்னொரு பிரதி அச்செடுத்துக் கொண்டு வந்து கொடுத்தாள்.

உங்கள் வீட்டிலும் யாரோ அவசரத்துக்கு எல்லா மடையையும் திறந்துவிட்டுப் போயிருக்கலாம். பகிர்ந்திருக்கும் ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ் போய், பகிர்வு, செக்யூரிட்டி இரண்டு பக்கத்தையும் பாருங்கள். 'எவ்ரிஒன்', 'ஃபுல் கண்ட்ரோல்' என்ற இரண்டும் சேர்ந்து தெரிந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டு வீட்டார் பெயரை எழுதுங்கள். அணைத்து வைத்த ஃபயர்வாலைத் திரும்ப இயக்குங்கள். முக்கியமான கோப்புகளை ஒரு வெளி டிஸ்கிலும் எழுதி, கணினியிலிருந்து கழற்றி பீரோவில் வையுங்கள். பகிர்வு ஒருநாளும் காப்புப் பிரதி ஆகாது.